கழுத்தைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

‘நான் யார்’ என்ற கேள்வியைத் தலையில் அணியும் கலைப்பொருளாகச் செய்து பார்க்கும் இந்த வேலைக்குத் தலையைக் கொடுத்தவர்கள், கை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இந்த மடல். பொத்தாம்பொதுவாக நன்றி சொன்னால் யார் எதற்கு உதவினார்கள் என்பதே தெரியாமல் போகும். அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதலில், அளவெடுக்க உட்கார்ந்தவர்களுக்கு. பெரியவர்களின் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அந்த ஒரே எண்ணை நம்பி வெட்ட ஆரம்பித்தால் வேலை கெட்டது. சுற்றளவு 57 வருகிற இருவரில் ஒருவருக்கு நீளத் தலை, இன்னொருவருக்கு உருண்டைத் தலை. ஒருவருக்குக் கச்சிதமாக உட்காரும் வளையம் மற்றவரின் நெற்றிப்பொட்டை அழுத்தி, சீக்கிரமே தலைவலியைக் கொண்டுவரும். மூக்குக்கண்ணாடி போடுகிறவருக்குக் காதுக்கு மேலே இடைவெளி வேண்டும். காதுகேள் கருவியின் மைக்கை மூடினால் அது கீச்சிடும். முடி உதிர்ந்த தலையில் உள்தையல் உராய்ந்து புண்ணாகும். இதையெல்லாம் தயங்காமல் சொன்னீர்களே, அதுதான் பெரிய உதவி. மனித அடையாளத்தைப் பற்றிய வேலை என்று சொல்லிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே அளவில் செய்வது அபத்தம்.

பேட்டர்ன் (வெட்டுவதற்கான அளவு மாதிரி) எடுக்கக் கற்றுக்கொடுத்த தையல்காரர்களுக்கு அடுத்த நன்றி. தலைமுடியின் மேல் மட்டும் க்ளிங் ராப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி (மூக்கு, வாய் பக்கம் போகவே கூடாது), அதன் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, நடுக்கோடும் காது இருக்கும் இடமும் குறித்து, பின்பக்கம் வெட்டிக் கழற்றினால் அந்தத் தலை அப்படியே கையில் வரும். 5 மி.மீ. ஈவா ஃபோமில் (ரப்பர் போல வளையும் மெத்தென்ற தாள்) வெட்டும்போது சுற்றளவில் ஒன்றரை செ.மீ. கூட்டுங்கள் என்று நீங்கள் சொன்னதற்குக் காரணம், ஃபோமின் தடிப்பு. வளைத்ததும் உள்பக்கம் சுருங்கி நெற்றியை இறுக்கும். ஹீட் கன்னால் சூடான காற்று ஊதி வளைக்கும் வேலையை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஒட்டிய பிறகு சூடு காட்டினால் மூட்டு வாய் பிளக்கும் என்பதும் உங்கள் பாடமே. கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்கச் சொன்னீர்கள். அந்தப் பொறுமை இல்லாதவர்களின் மூட்டுகள்தான் முதலில் விடும். பசையின் ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் போடாமல் சிமென்ட் டப்பாவைத் திறக்க விடாதவர்களுக்கும் நன்றி.

முக அச்சுக்கு உட்கார்ந்தவர்களை எப்படிப் பாராட்டுவது! புருவத்திலும் முடியோரத்திலும் வாசலின், அதன் மேல் ஆல்ஜினேட் (அச்செடுக்கும் கூழ், சீக்கிரம் இறுகிவிடும்), அதைத் தாங்க மூன்று அடுக்கு பிளாஸ்டர் பேண்டேஜ், கண் மூடிய இருட்டு. மூக்குத் துளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் தனியாக நின்றார். மூக்கில் ஸ்ட்ரா செருகுவதை அவர் தடுத்தது சரி. ஸ்ட்ரா மூக்கின் வடிவத்தையே மாற்றிவிடும். மல்லாந்து படுத்தால் கன்னம் காதுப் பக்கம் சரியும் என்பதால் சாய்ந்த நாற்காலியே நல்லது. அப்படியும் அச்சில் வருவது கண் மூடி, தசை தளர்ந்த முகம். தன் அச்சைப் பார்த்து ‘இது நானில்லை’ என்று பலர் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது கழுத்துக்கு வருவோம். முகத்தை மூடினால் ஆள் காணாமல் போவார் என்றுதான் பொதுவான நினைப்பு. அமெரிக்கக் கலைஞர் நிக் கேவ் 1992இல் சுள்ளிகளால் செய்த முதல் ‘சவுண்ட் சூட்’ (உடலை மூடி, அசைந்தால் ஒலிக்கும் உடை) அணிந்தவரின் இனம், பால், வர்க்கம் எல்லாவற்றையும் மறைத்தது. ஆனாலும் அணிந்தவரின் அசைவை அது மறைக்கவில்லை, உரத்துக் காட்டியது. முகம் மூடிய பின் ஒருவரைக் காட்டிக்கொடுப்பது அவர் தலையைத் திருப்பும் விதம். பாரம் ஏறினால் கழுத்து விறைக்கும், விறைத்த கழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

பிசியோதெரபி தெரிந்தவர்கள் போட்டுக் காட்டிய கணக்கு எங்கள் வரைபடங்களையே மாற்றியது. முன்னால் 30 செ.மீ. நீளும் கொம்பின் நுனியில் 100 கிராம் இருந்தால், அதைச் சமன்செய்யப் பின்மண்டையில் 10 செ.மீ. தள்ளி 300 கிராம் வைக்க வேண்டும். ஆக, கழுத்துக்கு 400 கிராம். எதிர்பாரம் சேர்ப்பதை விட நுனியில் 20 கிராம் குறைப்பதே மேல். அரைக் கிலோவுக்குள் நிறுத்துங்கள், தாண்டினால் தாடைப்பட்டி போடுங்கள், பிடரிக்கு மேலே மண்டையோடு புடைக்கும் இடத்தில் பின்பட்டியைப் பிடிக்க வையுங்கள் என்றீர்கள். அந்தப் பட்டி ஒரு விரல் மேலே ஏறினாலும் குனியும்போது எல்லாம் முன்னால் வந்து விழும்.

பார்ப்பவர் தன் முகத்தையே காணும் கண்ணாடி முகமூடிக்கு உதவிய விளக்குக்காரர்களே, ஒருவழிப் படலம் (வெளியே கண்ணாடியாகவும் உள்ளிருந்து பார்க்க ஜன்னலாகவும் இருப்பது) உள்ளே இருட்டாக இருந்தால்தான் வேலை செய்யும். உட்புறம் பளபளப்பில்லாத கறுப்புப் பூசியும் உள்ளே இருப்பவரின் கண் வெளியே தெரிந்ததற்குக் காரணம் அவரது வெள்ளைக் காலர் கீழிருந்து ஒளியைத் திருப்பியதுதான் என்று கண்டுபிடித்தது நீங்கள். கறுப்புத் துணி சுற்றியதும் சரியானது.

அணிந்து நடந்தவர்களுக்கும், பக்கத்தில் நடந்து ‘படி’, ‘இடது’ என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனவர்களுக்கும் தனி நன்றி. பக்கப்பார்வை போனவருக்கு நீளமாகப் பேசினால் தடுமாற்றம்தான் கூடும்.

கடைசியாக, முக அச்சு கொடுத்தவர்கள் கவனத்துக்கு: அச்சு உங்களுடையது. வேண்டுமென்றால் ஈரம்படாமல் பொதிந்து தருகிறோம், வேண்டாமென்றால் உங்கள் முன்னாலேயே உடைத்துவிடுகிறோம். எது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நன்றியுடன்,
தலையணிக் குழுவினர்