டிசம்பர் 26ஐ விட்டுவிடுங்கள்: புலம்பெயர்ந்து வாழும் எங்கள் பங்கு உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய உறவுகளே,

முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் மறைக்கல்வி ஆசிரியைகளுள் ஒருத்தியாக இம்மடலை எழுதுகிறேன். உங்கள் ஊர் ஒன்றியம் எங்கள் பங்குப் பேரவைக்கு அனுப்பிய கோரிக்கை சென்ற ஞாயிறு பூசை முடிவில் வாசிக்கப்பட்டது. இவ்வாண்டு நத்தாருக்கு ஊரையும் வெளிநாடுகளில் வாழும் குடும்பங்களையும் அகன்ற திரையில் இணைத்து, கரோல் பாட்டு, இசைக்குழு, நத்தார் தாத்தா, வாணவேடிக்கை என்று பெருவிழா ஒன்றை நடத்தலாம் என்றும் முழுச் செலவையும் நீங்களே ஏற்பீர்கள் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். விழாவுக்கு நீங்கள் குறித்திருக்கும் நாள் டிசம்பர் 26 மாலை. பேரவை இன்னும் பதில் எழுதவில்லை. அதற்கு முன்னர், சுனாமி நினைவு நாளான அந்த நாளை மாற்றும்படி உங்களைக் கேட்கவே எழுதுகிறேன். தனிக்கடிதமாக எழுதினால் ஒரு வீட்டின் மனக்குறையாக அது ஒதுக்கப்பட்டுவிடும் என்பதால் எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

நீங்கள் அந்த நாளைத் தெரிந்தெடுத்தது யோசனையின்றி அல்ல என்பது எனக்குத் தெரியும். லண்டனில் 25ஆம் திகதி ரயிலும் பஸ்ஸும் ஓடுவதில்லை. கார் இல்லாத குடும்பம் பூசைக்குப் போய்வருவதே பெரும்பாடு. நோர்வேயிலும் யேர்மனியிலும் 24 மாலையோடு ஊரடங்கி, அவரவர் வீட்டுக்குள் நத்தார் தொடங்கிவிடுகிறது. 26ஆம் திகதியோ ஒஸ்லோ, பேர்லின், லண்டன், ரொறன்ரோ எங்கும் விடுமுறை. பாரிஸில் உள்ளவர்கள்தான் அன்று வேலைக்குப் போக வேண்டும். எங்கள் சாமப்பூசைக்கு நள்ளிரவில் மணி அடிக்கும்போது ரொறன்ரோவில் பிற்பகல் 1.30, லண்டனில் மாலை 6.30, பாரிஸில் இரவு 7.30. என் தம்பி பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறான். 24ஆம் திகதி அந்த நேரத்தில் அவனுக்கு மூச்சுவிட இடமிராது. ஆனாலும் கைத்தொலைபேசியைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு, 'உன்னதங்களிலே' பாடும் வரையாவது எங்களோடு நிற்பான். பாலனைக் குடிலில் வைக்கும்போது கமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகச் சொல்லி முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடுவான். ஆகவே, எல்லோரும் ஆறுதலாக அமர்ந்து ஊர் முகங்களைப் பார்ப்பதற்கு ஒரு நாள் வேண்டும் என்ற உங்கள் ஆசையில் நான் குறை காணவில்லை.

நீங்கள் அனுப்பும் உதவியையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. மார்கழி எங்களுக்குக் கையில் காசு புரளாத மாதம். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும், கரைவலைக்கு இடமில்லை. உள்ளே வயல் செய்பவர்களுக்கும் காலபோக நெல் வீடு வந்து சேர இன்னும் காலம் கிடக்கும். இக்கரையில் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டையும் ஒரு துண்டு கேக்கும் உங்கள் உழைப்பால்தான் வருகின்றன.

ஆனால் 26ஆம் திகதி எங்களுக்கு என்ன நாள் என்பதை உங்களில் மூத்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமையாகவும் திருக்குடும்பத் திருநாளாகவும் வந்தது. நத்தாருக்கு எடுத்த உடுப்பையே பிள்ளைகள் மறுநாள் பூசைக்கும் உடுத்திருந்தார்கள். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன கடல், காலை ஒன்பது மணியளவில் எங்கள் கரைக்கும் வந்தது. என் அக்கா தன் மகளை மூன்றாம் நாள் அடையாளம் கண்டது அந்தப் புதுச்சட்டையின் கழுத்தில் தான் கையால் தைத்த நீல நாடாவை வைத்துத்தான். இதை எழுதாமல் விடத்தான் எண்ணினேன். ஆனால், "இருபது வருடம் கடந்துவிட்டது, இனிப் பிள்ளைகளுக்குச் சந்தோசத்தைக் காட்டுவோம்" என்று உங்கள் கோரிக்கையிலேயே ஒரு வரி இருந்ததால் எழுதுகிறேன்.

அந்த நாளை அரசாங்கமும் தேசிய பாதுகாப்பு தினமாக அறிவித்திருக்கிறது, காலை 9.25 முதல் 9.27 வரை நாடெங்கும் மௌன அஞ்சலி. எங்கள் ஊரில் அது இரண்டு நிமிடத்தோடு முடிவதில்லை. அக்கா வீட்டில் 25 இரவு பத்து மணிக்கே வாசலில் தொங்கும் நத்தார் நட்சத்திரத்தின் வெளிச்சம் அணைக்கப்பட்டுவிடும். பாலன் குடிலின் சிறு குமிழ் மட்டும் எரியும். விடிந்ததும் பயத்தம் பணியாரமும் கேக்கும் மகளின் படத்துக்கு முன்னால் வைக்கப்படும், பிறகு ஆண்டுத் திருப்பலி, பிறகு சேமக்காலையில் கல்லறைகளுக்கு. சைவக்காரரான அயலவர்களும் அன்று எங்களோடு வருகிறார்கள், அவர்கள் வீட்டிலும் செத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மாலையில், அதே கரையில், வாணவெடி வெடிக்கும்போது எத்தனை வீடுகளின் கதவு சாத்தப்படும் என்பதை உங்கள் அகன்ற திரை காட்டாது.

விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருச்சபையின் நாட்காட்டியில் நத்தார் ஒரு நாளோடு முடிந்துவிடுவதும் இல்லை. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அக்காலம் நீளுகிறது. நத்தாரை அடுத்துவரும் ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். கடல் கடந்து பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் முகம் பார்த்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை. பாரிஸ்காரருக்கும் ஞாயிறு ஞாயிறுதான். இங்கே மாலை 6.30க்குத் தொடங்கினால் லண்டனில் பிற்பகல் 1 மணி, ரொறன்ரோவில் காலை 8 மணி; எவரும் நித்திரை முழிக்க வேண்டியதில்லை. 2027இல் அந்த ஞாயிறு 26ஆம் திகதியிலேயே விழுகிறது. அவ்வாண்டு மட்டும் மூன்று இராசாக்கள் திருநாளுக்குத் தள்ளிவைக்கலாம். இசைக்குழுவுக்கு முற்பணம் கொடுத்தாகிவிட்டதென்றால் அவர்களோடு பேசி நாளை மாற்றும் பொறுப்பை இங்குள்ள இளைஞர்கள் ஏற்பார்கள். வாணவேடிக்கையைப் பற்றி என் சொந்த அபிப்பிராயம் வேறு. மாரிமழையில் நனைந்து பாதியும் வெடிக்கப்போவதில்லை என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்க இருக்கிறது. எங்கள் வீடுகளில் பழைய படங்கள் இல்லை. கரையில் இருந்த அல்பங்களைக் கடல் கொண்டுபோனது. தப்பியவற்றை 2009இல் போரில் இடம்பெயர்ந்து ஓடிய வழியில் விட்டுவிட்டோம். அக்கா வீட்டுச் சுவரில் இன்று தொங்கும் மகளின் படமே, முதல் நன்மை எடுத்தபோது கனடாவிலுள்ள மாமாவுக்குத் தபாலில் அனுப்பிய பிரதியிலிருந்து மீட்டதுதான். அப்படிப்பட்ட படங்கள் உங்கள் அலுமாரிகளில் இன்னும் கிடக்கும்: திருமணம், கொடியேற்றம், ஒளிவிழா, யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும் ஒரு பிள்ளை. நத்தார் விடுமுறையில் வீட்டில் இருக்கும்போது உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடுங்கள். 26ஆம் திகதி எங்கள் ஊருக்கு ஏன் வெறும் விடுமுறை நாள் அல்ல என்பதை அவர்கள் அப்போது உங்களிடமே கேட்பார்கள். கைத்தொலைபேசியால் படத்தைப் படமெடுத்தால் பளபளப்பு விழுந்து முகம் அழிந்துவிடும், ஆகவே ஸ்கான் செய்து, யார் எவருடைய பிள்ளை என்ற குறிப்போடு பங்குத்தந்தைக்கு அனுப்பிவையுங்கள். அச்சிட்டுச் சட்டம் போடும் வேலையை மறைக்கல்வி மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பேரவை கூடுகிறது. நாள் மாற்றம் பற்றிய உங்கள் ஒன்றியத்தின் பதில் அதற்கு முன்னர் கிடைத்தால், அன்றே விழாவை அறிவித்துப் பிள்ளைகளைக் கரோல் பழக அழைத்துவிடலாம்.

இறைவனில் அன்புடன்,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருத்தி
முல்லைத்தீவு