சத்திரக்காரர் எந்த வசனத்தில் வருகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

31 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தி வருகிறேன். கிறிஸ்து பிறப்புப் பாடத்தை எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்லுவேன். யோசேப்பும் மரியாளும் கதவைத் தட்டுவார்கள், சத்திரக்காரர் எட்டிப் பார்த்து "இடமில்லை" என்பார். குரலை மாற்றி நடித்தே காட்டுவேன். போன மாதம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர், சத்திரக்காரர் எந்த வசனத்தில் வருகிறார்?" என்று கேட்டாள்.

"லூக்கா இரண்டாம் அதிகாரம், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், அது இன்னும் உறுத்துகிறது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் சத்திரக்காரர் அங்கே இல்லை. "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்பதோடு அந்தச் சுவிசேஷத்தை எழுதிய லூக்கா நிறுத்திவிடுகிறார். கதவைத் தட்டியதும் இல்லை, விரட்டியதும் இல்லை.

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. கிரேக்கம் படித்த போதகர் ஒருவரிடம் கேட்டேன். அந்த வசனத்தில் உள்ள சொல் 'கட்டலுமா'வாம். அதே சொல் லூக்கா 22:11-லும் வருகிறது. அங்கே அது இயேசு சீஷர்களோடு பஸ்கா என்ற யூதப் பண்டிகை விருந்தைப் புசித்த மேல்வீட்டு அறை. இயேசு சொன்ன உவமையில் நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கொண்டுபோன சத்திரத்துக்கு லூக்கா 'பண்டொகெயோன்' என்ற வேறு சொல்லை வைத்திருக்கிறார். அங்கே சத்திரக்காரரும் உண்டு, அவர் கையில் கொடுத்த இரண்டு பணமும் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் 'சத்திரம்' என்றே இருப்பதால் எனக்கு வித்தியாசமே தெரியாமல் போயிற்று. பெத்லகேமில் இடமில்லாமல் போனது ஒரு வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம், குழந்தையைக் கிடத்திய முன்னணையும், அதாவது தீவனத் தொட்டியும், அந்த வீட்டுக்குள்ளேயே கால்நடை கட்டும் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பொதுவாகத் தங்குமிடம் என்ற பொருளும் இருக்கிறது என்பதால் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் சத்திரக்காரரை அந்த வசனத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது லூக்கா இல்லை, என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

இதைச் சபையில் சொன்னபோது பெரியவர் ஒருவர், "இப்படிக் கிளறிக்கொண்டே போனால் பிள்ளைகளின் விசுவாசம் என்னவாகும்?" என்று கோபித்துக்கொண்டார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. அன்று இரவு எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தை அவரும் படித்திருப்பார். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவர், அலெக்சந்திரியாவில் பிறந்தவர், ஜெப ஆலயத்தில் தைரியமாய்ப் பேசியவர். அவருக்கே, இயேசுவுக்கு முன் வந்த யோவான் கொடுத்த ஞானஸ்நானத்துக்கு மேல் தெரிந்திருக்கவில்லை. கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு "அதிக திட்டமாய்" விவரித்துக் காட்டினார்கள். அவர் அவர்களை எதிர்த்துப் பேசியதாக ஒரு வார்த்தையும் இல்லை. பவுல் சொன்னதையே "இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் ஆராய்ந்து பார்த்த பெரேயா பட்டணத்தாரை அதற்கு முந்தின அதிகாரம் நற்குணசாலிகள் என்கிறது. என் வகுப்பில் அந்தப் பிள்ளை செய்ததும் இதைத்தானே!

வேதபாடம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மனப்பாடமாகத் தெரிந்த பகுதி என்றாலும், வகுப்புக்குப் போகும் முன் அதைத் திறந்து ஒருமுறை வாசியுங்கள். யாராவது கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டால், அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு 31 ஆண்டுகள் ஆனது.

மறுவாரம் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டு, முன்னணை எங்கே இருந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். நாங்கள் இருவரும் அதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்