இஸ்பஹானின் இரவல் குதிரை

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

கொஞ்ச நாளாகப் பாரசீகத்தை, அதாவது இன்றைய ஈரானை, ஆண்ட சஃபாவிய அரச வம்சத்தின் வரலாற்றில் விழுந்து கிடக்கிறேன். வரலாற்று வகுப்பில் நீ தூங்கிய பாக்கியை இப்போது தீர்த்துக்கொள்.

1501இல் 14 வயது இஸ்மாயில் தப்ரீஸ் நகரில் அந்த வம்சத்தின் முதல் மன்னராக முடிசூடியது, 1514இல் சால்திரான் போரில் துருக்கியின் உஸ்மானியப் பீரங்கிகளிடம் தோற்றது எல்லாம் கிடக்கட்டும். என் தூக்கத்தைக் கெடுப்பவர் அதே வம்சத்து மன்னர் ஷா அப்பாஸ். இஸ்பஹானைத் தலைநகராக்கி, அரை கிலோமீட்டருக்கும் நீளமான சதுக்கம் கட்டி, ஜுல்பா என்ற ஊரின் ஆர்மீனியர்களை ஊரோடு பெயர்த்து இஸ்பஹானுக்குக் கொண்டுவந்து பட்டு வணிகத்தைப் பெருக்கிய மனிதர். அப்பேர்ப்பட்டவருக்குப் பெற்ற பிள்ளைகள் மேல் பயம்! 1587இல் அப்பாவை ஒதுக்கிவிட்டுத்தானே இவரே அரியணை ஏறினார்? 1615இல் மூத்த மகன் சஃபி மிர்சாவைக் கொல்லச் செய்தார். இன்னும் இரண்டு மகன்களைக் குருடாக்கினார். முன்பெல்லாம் இளவரசர்கள் சின்ன வயதிலேயே மாகாணங்களுக்குப் போய்ப் படை, வரி, வழக்கு எல்லாம் பார்த்துப் பழகுவார்கள். இவர் அவர்களை அந்தப்புரத்திலேயே அடைத்துவிட்டார். 1629இல் இவர் கண்மூடியபோது பட்டத்துக்கு வரத்தக்க மகன் ஒருவர்கூட இல்லை. அந்தப்புரத்தில் வளர்ந்த பேரனைத்தான் உட்காரவைத்தார்கள்.

அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். 1639இல் உஸ்மானியரோடு சமாதானம் ஆனதும் படையும் சோம்பிப்போனது. ஆனால் 1694இல் பட்டத்துக்கு வந்த சுல்தான் உசேனை நினைத்தால் மனசு ஆறவில்லை. அந்தப்புரமே உலகமாக வளர்ந்தவர். 1722 மார்ச்சில் குல்னாபாத்தில் அவர் படை படையெடுத்து வந்த ஆப்கானியத் தலைவர் மஹ்மூதிடம் தோற்றது. அப்புறம் அக்டோபர் வரை முற்றுகை. இஸ்பஹான் மக்கள் குதிரை, கழுதை தீர்ந்து நாய், பூனை, மரப்பட்டை வரை தின்றார்கள். கடைசியில் ஷா இரவல் குதிரையில் ஏறி எதிரியின் முகாமுக்குப் போனார். அரச சின்னமான இறகை எடுத்து மஹ்மூதின் தலைப்பாகையில் தன் கையாலேயே செருகினார்.

மூர்த்தி, கோபித்துக்கொள்ளாதே. உன் மகன் கதிரைக் கடைக் கல்லாப்பெட்டிப் பக்கமே நீ விடுவதில்லையாமே? தங்கச்சி போனில் சொல்லி வருத்தப்பட்டது. முப்பது வயசுப் பையன்டா. ஈரோட்டுக் கொள்முதலுக்கு ஒருதடவை தனியாக அனுப்பு. நஷ்டம் வந்தால் வரட்டும், நீ பக்கத்தில் இருக்கும்போதே வரட்டும்.

சித்திரையில் சென்னை வருகிறாய் அல்லவா? பரங்கிமலைக்குப் போவோம். அந்தப் படிக்கட்டைக் கட்டிக்கொடுத்து, 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலமும் போட்ட பெத்ரூஸ் உஸ்கான், இஸ்பஹானில் அந்த ஆர்மீனியர்கள் குடியேறிய புது ஜுல்பாவிலிருந்து வந்த ஆர்மீனிய வணிகர்தான். கடையைக் கதிரிடம் விட்டுவிட்டு வா. எந்த ரயில் என்று எழுது.

அன்புடன்,
ராகவன்