கடிவாளத்துக்கு அவசரப்படாதே

நுவரெலியா,
பங்குனி மாதம்.

அன்பு நண்பா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மட்டக்குதிரைக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் பிடுங்கி ஆறு நாளாகிறது, நன்றாகத்தான் நிற்கிறது, ஏப்ரல் சீசனில் பயணிகளை ஏற்றிச் சவாரி விட கிரகரி வாவிப் பக்கம் கொண்டு வரலாமா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு மாத வருமானத்தை நம்பித்தான் நாம் ஆண்டு முழுவதும் தீனி வாங்குகிறோம் என்பதை அறிந்தே சொல்கிறேன்: இப்போது வேண்டாம்.

என் செவலைக் குதிரைக்கு நான் செய்த தவறை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைத்திருந்த சின்னப் பல்லை எடுத்த ஆறாம் நாள், ஈறு மூடியதுபோல் தெரிந்ததால், கடிவாள இரும்பை வாயில் மாட்டி ஒரு சிறுமியை ஏற்றினேன். வாரை இலேசாக இழுத்ததுமே குதிரை தலையை மேலே எறிந்து பின்வாங்கியது. நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. புண் அடுத்த பத்து நாளில் ஆறிவிட்டது; ஆனால் கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே லாயத்தின் மூலைக்குப் போய் முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொள்ளும் பழக்கம் போவதற்கு நாலு மாதம் பிடித்தது. அதுவோ வேர் குட்டையான, விரல் நகமளவுப் பல். உன் குதிரைக்கு எடுத்தது புல் அரைக்கும் பெரிய பல். அது தாடைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும், எடுத்த குழி அடியிலிருந்து சதை வளர்ந்து நிரம்புவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே வெளியே நிற்கும் நிற்பைப் பார்த்து முடிவு செய்யாதே.

இப்போது வலி மருந்து கொடுக்கிறாயா என்று நீ எழுதவில்லை. கொடுக்கிறாய் என்றால் குதிரை நன்றாக இருப்பதாகத் தெரிவது மருந்தின் வேலை. மருந்தை நிறுத்திய பிறகு அது மெல்லுவதை அருகில் உட்கார்ந்து பார். பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினாலோ, தலையை ஒருபக்கம் சாய்த்து மென்றாலோ, வாயில் நாற்றம் அடித்தாலோ, தாடை வீங்கினாலோ மிருக வைத்தியரை உடனே கூப்பிடு. அவர் குழியில் அடைத்து வைத்த பொருளை நீ தோண்டி எடுக்காதே. சீக்கிரம் விழுந்துவிட்டால் மட்டும் அவருக்குச் சொல். இரண்டு வாரத்துக்குள் ஒருமுறையாவது அவர் வாயைத் திறந்து விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும், இரும்பை மாட்டும் நாளை அவர்தான் சொல்ல வேண்டும். குதிரைக்கு ஏற்பு வலி (டெட்டனஸ்) எளிதில் பிடிக்கும் என்பதால், அதற்கான ஊசி போட்டாயிற்றா என்பதையும் மறக்காமல் கேள்.

அதுவரைக்கும் ஊறவைத்த தவிடும் இளம் புல்லும் கொடு. கட்டியே போடாதே, முதல் சில நாள் போன பிறகு தலைக்கயிற்றில் பிடித்து, காலையில் மெதுவாக நடத்து. இரும்பில்லாத தலைவாரைப் போட்டு ஏறினால் என்ன என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூக்குப்பட்டை இறுகினால் கன்னத்தைப் பல்வரிசையோடு சேர்த்து நசுக்கும், அதனால் அதற்கும் வைத்தியர் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று, இது பல காலத்துக்குமான வேலை. குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். கீழே பல் இல்லாத இடத்தில், எதிரே மேல்வரிசைப் பல் தேய்வதற்கு ஒன்றும் இல்லாமல் குழியை நோக்கி நீண்டுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வைத்தியரிடம் காட்டி அராவ வேண்டியிருக்கும்.

சீசன் வருமானம் குறைவதால் தீனிக்குத் தட்டுப்பாடு வந்தால் தயங்காமல் எழுது. என்னிடம் இரண்டு மூட்டைத் தவிடு அதிகமாகவே இருக்கிறது. வெலிமடை பஸ்ஸில் அதனோடு, செவலைக்குப் பழக்கிய மெத்தை வைத்த தலைவாரையும் ஏற்றி அனுப்புகிறேன். வைத்தியர் சரி என்ற பிறகு, பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி கட்டு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்