ஒரு டாலர் டிக்கெட்

மெல்பர்ன்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கோமதி,

முழங்கால் எப்படி இருக்கிறது? கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குப் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடு. இந்த வருடம் வடாத்தைக் கடையில் வாங்கினால் குடி முழுகிவிடாது. இங்கே எல்லாரும் சுகம். பேத்திக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்துவிட்டது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அழைத்தபோது என் குரலைக் கேட்டுப் பதறிவிட்டாய். யாருக்கு என்ன ஆயிற்று என்றாய். ஒரு குதிரை இறந்துவிட்டது என்றேன். சற்று நேரம் உன் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. பிறகு, "ரேஸ் குதிரையா? அதற்கு நீயா அழுகிறாய்?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

நீ கேட்டதில் தவறே இல்லை. அப்பாவின் கதை முழுதாகத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். சனிக்கிழமை மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையுடன் மின்சார ரயில் ஏறிப் போவார். இரவு கடைசி வண்டியில் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொள்வார். அம்மாவின் இரட்டைவடம் அடகுக்கடையில் மூழ்கிப்போன வருடம், உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் நான் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தேன். கல்யாணமான பிறகும் குதிரைப் படம் போட்ட காலண்டரை வீட்டில் மாட்ட விட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு பந்தயக் குதிரைக்காக ஏன் அழுதேன் என்று உனக்காவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் பிளாக் கேவியர். அது, இது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கேவியர் என்றால் மீன்சினை. அவள் மேல் ஏறிய ஜாக்கியின் சட்டைகூட சால்மன் மீனின் சதை நிறத்தில், கருப்புப் புள்ளிகள் போட்டது. விக்டோரியா மாநிலத்தில் நகம்பி என்ற சிற்றூர்ப் பக்கம் 2006 ஆகஸ்ட் 18 அன்று பிறந்தவள். பீட்டர் மூடி என்ற பயிற்சியாளர் குட்டி ஏலத்தில் அவளைப் பார்த்து, 2,10,000 ஆஸ்திரேலிய டாலருக்கு எடுத்தார். பணம் போட்டவர்கள் சில நண்பர் குடும்பங்கள், கூட்டாக. லாயத்தில் அவளுக்குச் செல்லப்பெயர் நெல்லி. இதை முதன்முதலாகக் கேட்டபோது நம் பள்ளிக்கூட வாசல் உப்புப் போட்ட நெல்லிக்காய்தான் நினைவுக்கு வந்தது. அதிலேயே பாதி ஒட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

2009 ஏப்ரலில் முதல் ஓட்டம். 2013 ஏப்ரலில் கடைசி ஓட்டம். மொத்தம் 25 பந்தயம், 25 வெற்றி. அவற்றில் 15 முதல் தரப் பந்தயங்கள். எல்லாமே 1000 மீட்டரிலிருந்து 1400 மீட்டருக்குள் அடங்கும் குறுந்தூர ஓட்டங்கள். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்தையும் சேர்த்தால் அவள் பந்தயத்தில் ஓடிய நேரம் அரை மணிகூட வராது. அந்த அரை மணிக்காக இந்த ஊர் நாலு வருடம் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னை இதில் இழுத்துவிட்டது பக்கத்து வீட்டு அம்மாள். கணவர் போன பிறகு தனியாக இருந்தார். 2011 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, துணைக்கு வா, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று கூப்பிட்டார். எங்கே என்று தெரிந்ததும் மறுக்கத்தான் நினைத்தேன். வயதானவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று பிளெமிங்டன் மைதானத்தில் நியூமார்க்கெட் ஹாண்டிகாப். அந்தப் பந்தயத்தில் நன்றாக ஓடும் குதிரைக்கு அதிகச் சுமை ஏற்றுவார்கள், மற்றவை பக்கத்தில் வந்துவிடட்டும் என்று. அவளுக்கு 58 கிலோ.

போனவுடன் எனக்கு ஒன்று புரியவில்லை, கோமதி. எங்கே பார்த்தாலும் சால்மன் நிறம். சிறு பிள்ளைகள் கையில் புள்ளி போட்ட கொடி, கிழவர்கள் கழுத்தில் புள்ளி போட்ட டை. ஜன்னலில் டிக்கெட் வாங்க வரிசை நின்றது. ஆனால் அவள் மேல் ஒரு டாலர் கட்டினால் திரும்பி வருவது அந்த ஒரு டாலரும் மேலே சில சென்ட்டும்தான். அவள் ஜெயிப்பாள் என்று ஊருக்கே தெரியும்போது யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்? பிறகு எதற்கு இந்த வரிசை? பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்: இந்த டிக்கெட்டை யாரும் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க மாட்டார்கள், வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துக்கொள்வார்கள் என்று. அவரே எனக்கும் ஒன்று வாங்கிக் கையில் திணித்தார்.

நான் பார்த்து வளர்ந்த பந்தயத்தில் எல்லார் கண்ணும் காகிதத்தில் இருக்கும். எழுதிய எண், அடித்த எண், கிழித்துப் போட்ட சீட்டு. அப்பாவுக்கு ஒரு குதிரையின் நிறமாவது நினைவிருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இங்கே நின்ற அத்தனை பேரும் குதிரையைப் பார்க்க வந்திருந்தார்கள்.

ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். வேலியோரம் எனக்கு இடம் கிடைத்தது. மூன்றடி தூரத்தில் கடந்து போனாள். படத்தில் பார்த்தால் அந்த அளவு தெரியாது. பின்புறம் அத்தனை அகலம். நடக்கும்போது தோலுக்கு அடியில் சதை ஒரு பக்கம் திரண்டு மறுபக்கம் தளர்வது தெரிந்தது. கரும்பழுப்பு உடம்பு எண்ணெய் தேய்த்த கருங்காலிக் கட்டைபோல மினுங்கியது. கழுத்தில் ஒரு நரம்பு புடைத்து, கிளை பிரிந்து, மார்பில் போய் மறைந்தது. பக்கத்துக் குதிரைகள் வியர்த்து நுரைதள்ளித் தலையை உதறிக்கொண்டிருந்தன. இவளோ கோயில் யானை வீதியைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டு போனாள். இடது காது மட்டும், சற்றுத் தள்ளி ஒரு குழந்தை கத்திய பக்கம் திரும்பியது.

பிளெமிங்டனில் 1200 மீட்டர் நேர்ப்பாதை, வளைவே கிடையாது. தொடங்கும் இடம் தூரத்தில் பூச்சிபோலத் தெரியும். முதலில் ஒலிபெருக்கிக் குரல் மட்டும். பிறகு நிறங்கள். பிறகு காலடியில் தரை அதிர்வது தெரியும். குளம்போசை அதற்குப் பின்புதான். நடுவில் மற்ற ஜாக்கிகள் எல்லாம் கையால் தள்ளிக்கொண்டும் சாட்டையை வீசிக்கொண்டும் இருக்கிறார்கள். லூக் நோலன் மட்டும் அவள்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவள் முந்துவது வேகம் கூட்டியதுபோலவே தெரியவில்லை. மற்றவை எல்லாம் ஏதோ சேற்றில் இறங்கிவிட்டதுபோல இருந்தது. அந்தச் சுமையோடும் தாராளமாக ஜெயித்தாள். நான் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை; தமிழில் கத்தினாயே என்று அந்த அம்மாள் சிரித்தார்.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. 2013 பிப்ரவரியில் அதே மைதானத்தில் 1000 மீட்டரை 55.42 வினாடியில் ஓடி, இருபத்தைந்து வருடமாக நின்ற சாதனையை முறியடித்தாள். அதற்கும் போயிருந்தேன். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம், நின்ற இடத்திலிருந்து கிளம்பி!

இன்னொரு குதிரையையும் சொல்லாமல் விட்டால் பாவம். ஹே லிஸ்ட் என்று பெயர். ஒரு கண்ணில் பார்வைக் கோளாறு. எத்தனையோ முறை அவளுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தான். 2012இல் அவள் ஓடாத நியூமார்க்கெட் பந்தயத்தை அவன்தான் ஜெயித்தான். இரண்டு மூன்று வருடம் முன்பின் பிறந்திருந்தால் சிலை அவனுக்கு வைத்திருப்பார்கள். அவன் முடுக்கி முடுக்கி அவள் பக்கத்தில் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். இருவரில் யார் தோற்றாலும் எனக்குத் தாங்காது.

ஜெயித்துக்கொண்டே இருப்பவளை நேசிப்பது சுகமானது என்று நினைப்பாய். அது பெரும் வேதனை. பத்துக்குப் பிறகு, பதினைந்துக்குப் பிறகு, ஒவ்வொரு முறையும் ஓட்டம் தொடங்கும் கதவு திறக்கும்போது இன்றைக்குத்தான் அந்த நாளோ என்றிருக்கும். அந்தப் பயத்தின் உச்சம் 2012 ஜூன் 23. இருபத்திரண்டாவது ஓட்டத்துக்கு அவளை இங்கிலாந்தில் ராயல் அஸ்காட் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை நீண்ட விமானப் பயணம்; மூக்கிலிருந்து வால்வரை இறுக்கமான ஒரு உடை மாட்டி அனுப்பினார்கள், தசைகள் களைத்துப்போகாமல் இருக்க. அங்கே மத்தியானம் என்றால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். நகரின் நடுவே பெடரேஷன் சதுக்கத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். குளிரில் ஆயிரக்கணக்கான பேர். நானும் அந்த அம்மாளும் பிளாஸ்க்கில் காப்பியோடு போய் நின்றோம்.

அன்று அவள் எப்போதும்போல ஓடவில்லை. அது எங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் வாயடைத்து நின்றது. கடைசியில் முன்னால் வந்துவிட்டாள். இனி வெற்றிதான் என்று எண்ணி நோலன் கையைத் தளர்த்திவிட்டார். அவர் விட்ட அதே கணம் அவளும் விட்டுவிட்டாள். மூன்லைட் கிளவுட் என்ற பிரெஞ்சுக் குதிரை பக்கத்தில் பாய்ந்து வருகிறது. நோலன் பதறி மறுபடி தள்ளுகிறார். இரண்டும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தன. புகைப்படம் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். அந்த நேரத்தில் அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி மறுநாள்வரை சிவந்திருந்தது. தலையளவு தூரத்தில் ஜெயித்திருந்தாள். ராணி எலிசபெத் வந்து அவள் மூக்கைத் தடவிக்கொடுத்ததைத் திரையில் பார்த்தோம்.

பிறகுதான் சொன்னார்கள், அவள் தொடைத் தசை கிழிந்திருந்தது என்று. நோலன் தன் தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஊரெல்லாம் அவரைத் திட்டியது. எனக்கு மனம் வரவில்லை. கிழிந்த தசையோடு கடைசி ஐந்து தாவலை அவள் எதற்காகத் தாவினாள்? அவளுக்கு 22 என்ற எண் தெரியாது. பரிசுப் பணம் தெரியாது. பக்கத்தில் ஒருத்தி முந்துகிறாள் என்பது மட்டும் தெரியும். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பெருமையும் குற்றவுணர்வும் கலந்து வருகிறது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் போய் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

அதன்பின் மூன்று ஓட்டம் ஓடி, சிட்னியில் ராண்ட்விக் மைதானத்தில் 25ஐ முடித்து, சில நாளில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தோற்கும்வரை ஓட விடாததற்காக அந்த உரிமையாளர்களுக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். பிறகு விங்க்ஸ் என்ற குதிரை வந்து, 33 தொடர் வெற்றி பெற்றாள். அவளும் மகாராணிதான். ஆனால் மனம் இரண்டாவது முறை அப்படித் திறக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் குட்டிகள் ஈன்றாள். இந்த மாதம்தான் இன்னொரு குட்டி. பால்மடியில் தொற்று வந்து வைத்தியம் செய்திருக்கிறார்கள். கடைசியில் அது குளம்பில் இறங்கிவிட்டது என்று பயிற்சியாளர் மூடி சொன்னார். குதிரைக் குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும், தாள் தாளாக அடுக்கிய மெல்லிய சவ்வுகள் பிடித்துக்கொண்டிருக்குமாம். அவை அழன்று பிடி விட்டுவிட்டால் 500 கிலோவுக்கு மேற்பட்ட உடம்பின் பாரம் அந்த எலும்பைக் கீழே அழுத்தும். நிற்கும் ஒவ்வொரு கணமும் வலி. அவளுடைய தாய்வயிற்றுத் தம்பி ஒன்று 2013இல் 50 லட்சம் டாலருக்கு விலைபோய், ஒரு பந்தயமும் ஓடாமல் அதே வருடம் இதே குளம்பு நோயில் செத்தது. இவளையும் வலியில் வைத்திருக்க மனமில்லாமல் 17ஆம் தேதி ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டார்கள். மறுநாள் அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்கும். நீ அழைத்தது அந்த மறுநாள்தான்.

பக்கத்து வீட்டு அம்மாள் நாலு வருடம் முன்பே போய்விட்டார். இந்தச் செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் அன்று நான் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். சமையலறை அலமாரியில் சுவாமி படத்துக்குப் பின்னால் அந்த ஒரு டாலர் டிக்கெட்டை வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால், எழுத்து முழுக்க மங்கிப்போய் வெள்ளைக் காகிதமாக இருக்கிறது. சூட்டில் அச்சடிக்கும் தாளாம். நாளாக நாளாக அழிந்துவிடும் என்று மகள் சொன்னாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பெயரின் முதல் எழுத்து மட்டும் லேசாகத் தெரிகிறது. திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன்.

ஜனவரியில் வருவதாகச் சொன்னதை மாற்றிவிடாதே. நகம்பியில் ஏரிக்கரையில் அவளுடைய வெண்கலச் சிலை இருக்கிறது. இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். மெதுவாக நடந்து பார்க்கலாம், உன் முழங்காலுக்கு அவசரம் ஒன்றுமில்லை. வரும்போது, உன் அக்கா கல்யாணத்தில் எடுத்த படத்தில் அம்மா இரட்டைவடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு வா.

உன்
ராஜி