செய்கூலியை விட்டுவிடாதே

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலக் கல்லைச் சுற்றிக் கம்பி பின்னிய அந்தப் பென்டன்ட் ரொம்ப அழகாக வந்திருக்கிறது. ஆனால் கூடவே நீ எழுதியிருந்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விலை கேட்டவர்களிடம், கல்லுக்கும் கம்பிக்கும் ஆன காசைக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டாயாம். பொழுதுபோக்குக்குத்தானே செய்கிறேன், இதில் என்ன கணக்கு என்கிறாய். இத்தனை வருஷம் பிறருக்குத் துணி தைத்துக் கொடுத்தவள் நான். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பென்டன்டில் என்னென்ன வேலை போயிருக்கிறது என்று நீயே யோசித்துப் பார். கல்லைத் தாங்கும் சட்டத்துக்கு 20 கேஜ் கம்பி, கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் தடிமன். அதன்மேல் 28 கேஜ் கம்பியால் பின்னல், 0.3 மில்லிமீட்டர்தான், தலைமுடியைப் போல வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு சுற்றையும் இழுத்து, நகத்தால் முந்தைய சுற்றோடு ஒட்டித் தள்ள வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் மடிந்துவிட்டால் நிமிர்த்தலாம். அதே இடத்தில் மறுபடி மறுபடி மடிந்தால் உடைந்துவிடும். செம்பும் வெள்ளியும் வளைக்க வளைக்க இறுகும் உலோகம் அல்லவா? அப்போது வெட்டி எறிந்துவிட்டு, இணைப்பு தெரியாமல் புதிதாகத் தொடங்க வேண்டும். இதைச் செய்த விரல்களுக்கு ஒன்றுமே கிடையாது என்றால் அது என்ன நியாயம்?

சரி, கணக்குக்கு வருவோம். எந்த ஊர்ப் பணமாக இருந்தாலும் வழி ஒன்றுதான். கல், கம்பி, கொக்கி எல்லாம் சேர்த்து 100 என்று வைத்துக்கொள். வெட்டிப் போட்ட துண்டும் உன் காசுதான், அந்தச் சேதாரமும் இதற்குள்ளேயே வர வேண்டும். மூன்று மணி நேர வேலை, மணிக்கு 80 என்றால் செய்கூலி 240. ஆக 340. குறடு தேய்கிறது, அரம் தேய்கிறது, பெட்டியும் அட்டையும் வாங்குகிறாய். அதற்கெல்லாம் பத்தில் ஒரு பங்கு, 34. மொத்தம் 374. இது உன் அடக்க விலை, இதில் இன்னும் லாபம் என்று ஒன்று வரவில்லை. நீ இப்போது வாங்குவது 100.

மணிக்கு எவ்வளவு என்று உன்னால் முடிவு செய்ய முடியவில்லை என்றால், இதே மாதிரி கைவேலைக்கு வேறொருவரை உட்கார வைத்தால் என்ன கூலி கொடுப்பாயோ, அதைப் போடு. ஆனால் ஒன்று. புதுப் பின்னலைக் கற்றுக்கொள்ளும்போது ஆகிற கூடுதல் நேரத்தை வாங்குபவர் தலையில் கட்டாதே. கை பழகிய பிறகு எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, அதுதான் கணக்கு. பழகுவதற்குச் செம்புக் கம்பி இருக்கவே இருக்கிறது.

"கடையில் வைத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றும் எழுதியிருக்கிறாய். அங்கேதான் கையைக் கடிக்கும். விற்றுத் தருவதற்குக் கடைக்காரர் 40 சதவீதம் எடுத்துக்கொண்டால், 374-க்கு விற்ற பொருளில் உன் கைக்கு வருவது 224 சொச்சம். பொருளுக்கான 100-ஐக் கழித்தால் மூன்று மணி நேரத்துக்கு மிஞ்சுவது என்ன, பார். அடக்க விலையாவது முழுசாக வர வேண்டும் என்றால் அங்கே 624 போட வேண்டும். மொத்தமாக வாங்கிப் போகிறவர்கள் பாதி விலைக்குக் கேட்பது வழக்கம், அப்படியானால் 748. அதனால் முதல் நாளே கடைக்கும் தாங்குகிற விலையை வை. நீ நேரில் விற்றாலும் அதே விலைக்கே விற்க வேண்டும். கடையில் ஒரு விலை, உன்னிடம் பாதி விலை என்றால் எந்தக் கடைக்காரரும் இரண்டாம் முறை உன் பொருளை வைக்க மாட்டார், அவர் கோபத்திலும் நியாயம் இருக்கும்.

இன்னொன்றும் நீ யோசிக்க வேண்டும். இதே வேலையைச் செய்துதான் சிலர் குடும்பம் நடத்துகிறார்கள். உனக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது, நீ 100-க்குக் கொடுத்துவிடுவாய். உன் பக்கத்தில் அதே பென்டன்டோடு உட்கார்ந்திருப்பவர் 700 சொன்னால் கொள்ளைக்காரர் மாதிரி தெரிவார். உன் தாராளத்துக்கு அவர் விலை கொடுக்கும்படி ஆகக் கூடாது. தோழிக்குக் கொடுக்க ஆசையா, பரிசாகவே கொடு, ஒரு காசும் வாங்காதே. விற்பது என்றால் விலைக்கு வில்.

விலை ஏறினால் வேலையும் அதைத் தாங்க வேண்டும். முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீ பின்பக்கத்தைப் பார். கம்பியின் நுனி எங்கே முடிகிறதோ, அங்கே கொஞ்சம் பஞ்சை வைத்துத் தேய். ஒரு இழை சிக்கினாலும் அது நாளை ஒருவருடைய சேலையைக் கிழிக்கும், கழுத்தைக் கீறும். நுனியை உள்ளே மடித்து அழுத்து, தேவைப்பட்டால் அரத்தால் ராவு. காதுக் கொக்கியின் முனையை உருட்டி வழவழப்பாக்காமல் யாருக்கும் கொடுக்கவே கூடாது. கல்லையும் ஆட்டிப் பார், லேசாக அசைந்தால்கூட பின்னலைச் சரிசெய்துவிட்டுக் கொடு.

அப்புறம், என்ன பொருள் என்பதை உள்ளபடி எழுதி வை. 925 வெள்ளி என்றால் 92.5 சதவீதம் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. வேறு உலோகத்தின் மேல் தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டிய கோல்ட் ஃபில்டு கம்பியில் அந்தத் தங்க அடுக்கு எடையில் 20-ல் ஒரு பங்கு இருக்கும், முலாம் பூசியதில் பெயருக்குத்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சொல்லாதே. செம்பு வியர்வை பட்டுத் தோலில் பச்சையாகப் படியும், கழுவினால் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிடு. நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, காதில் போடுவதற்கு அது கலந்த கம்பி வேண்டவே வேண்டாம். கல்லிலும் கவனம். ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றி, டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் என்று விற்கிறார்கள். கல் மாதிரி தெரியும் ஓபலைட், கோல்ட்ஸ்டோன் இரண்டும் கண்ணாடி. கண்ணாடி என்று சொல்லி விற்பதில் ஒரு குறையும் இல்லை. அந்த நீலக் கல் என்னவென்று வாங்கிய இடத்தில் கேட்டாயா?

வெள்ளி விலை ஏறும்போது, பழைய விலைக்கு வாங்கிய கம்பிதானே என்று இருந்துவிடாதே. இன்று மறுபடி வாங்க எவ்வளவு ஆகுமோ, அதை வைத்துக் கணக்குப் போடு. வெள்ளித் துண்டுகளைச் செம்போடு கலக்காமல் தனி டப்பாவில் போட்டு வை, சேர்ந்ததும் எடைக்கு விற்கலாம். கேட்ட மாதிரி செய்து தரச் சொல்பவர்களிடம் பாதியை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டுதான் கம்பியை வெட்ட வேண்டும். பேரம் பேசினால் முகம் சுளிக்காதே; அவர்கள் பணத்துக்கு ஏற்ற மாதிரி பின்னல் குறைந்த சின்னப் பொருள் ஒன்றை எடுத்துக் காட்டு. பின்னிய பென்டன்டின் விலையை மட்டும் இறக்காதே.

ஏற்கெனவே விலை சொல்லிவிட்டவர்களுக்கு அந்த விலைக்கே கொடுத்துவிடு, வாக்கு வாக்குதான். அடுத்து கேட்பவரிலிருந்து புது விலை. இருக்கிற எல்லாவற்றுக்கும் இந்த வாரமே கணக்குப் போட்டு எனக்கு அனுப்பு, நானும் ஒரு முறை கூட்டிப் பார்க்கிறேன்.

கம்பி வெட்டும்போது துண்டு தெறிக்கும். கண்ணாடி போடாமல் வெட்டாதே.

அம்மா