நேரம் கிடைத்துவிடுகிறது, நூல்தான் அறுந்துபோகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு நண்பர், வேலைக்குப் போகிறவர்களால் இந்தக் காலத்தில் நாவல் எழுத முடியாது, அதிலும் மர்ம நாவல் என்றால் முழுநேரமும் அதிலேயே கிடக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இதுவரை மூன்று மர்ம நாவல் எழுதி முடித்திருக்கிறேன். நாலாவது இப்போது ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

நேரம் எப்படியாவது கிடைத்துவிடும். காலை நாலரைக்கு எழுந்தால் குழாயில் தண்ணீர் வரும்வரை முக்கால் மணி நேரம் என்னுடையது. அப்புறம் மகளின் பள்ளிக்கூடம், சமையல், அத்தைக்கு மாத்திரை எடுத்து வைப்பது. எட்டே காலுக்கு ஜங்ஷனில் டவுன் பஸ். சுலோச்சன முதலியார் பாலம் தாண்டும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டே இரண்டு வரி வசனம் மனதில் ஓட்டிவிடலாம். மகளிர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவைத்த வசனங்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கின்றன. இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தாலே வாரத்துக்கு ஓர் அத்தியாயம் தேறிவிடும்.

தேறாதது தொடர்ச்சி. குடும்பக் கதையில் பத்து நாள் இடைவெளி விட்டு உட்கார்ந்தாலும் அழுகையோ கோபமோ நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும். மர்மக் கதை அப்படி இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் மேஜையில் வைத்த சாவி பதினோராம் அத்தியாயத்தில் அதே மேஜையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை எடுத்தவர் யார் என்று எழுதுகிறவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாண வீடு, கடையில் ஸ்டாக் எடுக்கும் வாரம் என்று வந்தால் சாவி தொலைந்துவிடும்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது என் மாமியார். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், ஆனால் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசிப்பார்கள். முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை நாலு நாள் வைத்திருந்துவிட்டு அடுப்படிக்கு வந்து கேட்டார்கள்: "ஏளா, அன்னைக்கு அமாவாசைன்னு மொதல்ல எழுதியிருக்கே. பெறவு நெலா வெளிச்சத்துல அவன் எப்பிடி மூஞ்சியப் பாத்தான்?" கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த நாவலின் ஒரே சாட்சி அந்த நிலா வெளிச்சத்தில்தான் கொலைகாரனை அடையாளம் காண்கிறான். முதல் அத்தியாயம் எழுதியது ஆடியில், அந்த இடத்தை எழுதியது ஐப்பசியில். நடுவில் மூன்று மாதம் நோட்டைத் தொடவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளை வீசுவதில்லை. கதையில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதித் தாளை அத்தியாயத்தின் தலைப்பில் குண்டூசியால் குத்திவிடுவேன். அதில் கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் இருக்கும். இருபது நாள் கழித்து நோட்டைத் திறந்தாலும் அன்று வளர்பிறையா தேய்பிறையா, கடை அடைத்திருக்கும் கிழமையா, கல்யாண முகூர்த்தமா என்று அந்தத் துண்டுத் தாளே சொல்லிவிடும். முகூர்த்த நாளில் நம் பக்கத்தில் ஒருவர் ஊரைவிட்டுக் காணாமல் போனால் சாயங்காலம்வரை யாரும் தேட மாட்டார்கள், எந்தக் கல்யாணத்துக்குப் போனாரோ என்று விட்டுவிடுவார்கள். என் இரண்டாவது நாவல் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது. அதைக் கொடுத்தது ஒரு காலண்டர் தாள்.

மூன்றாவது நாவலுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சிந்துபூந்துறையில் ஆற்றை ஒட்டிய தெரு. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. ராத்திரி வாசல்படி ஏறிய தண்ணீர் விடிவதற்குள் இடுப்பளவு வந்துவிட்டது. அத்தையையும் மகளையும் மாடி வீட்டில் ஏற்றிவிட்டு, மாத்திரை டப்பாவையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த நாவல் நினைவுக்கு வந்தபோது கட்டிலே தெரியவில்லை.

தண்ணீர் வடிந்தபின் சகதிக்குள்ளிருந்து பெட்டியை இழுத்தோம். லாங் சைஸ் நோட்டு மூன்று. ஒவ்வொரு தாளாகப் பிரித்து மாடிக் கொடியில் கிளிப் போட்டு மகள்தான் காயப்போட்டாள். நான் கதையை நீலப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவேன். துப்புகளை மட்டும், கண்ணில் படட்டும் என்று, ஓரத்தில் சிவப்பு மைப் பேனாவில் குறித்துவைப்பேன். பால்பாயிண்ட் எழுத்து அப்படியே இருந்தது. சிவப்பு முழுவதும் கரைந்து ஓரமெல்லாம் ரோஸ் நிறக் கறையாக நின்றது. ஆள், இடம், பேச்சு எல்லாம் பிழைத்துக்கொண்டன, துப்புகள் மட்டும் ஆற்றோடு போய்விட்டன.

அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கி, யாரோ எழுதிய கதையைப் போல உட்கார்ந்து படித்தேன். கொலைகாரனை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் கதையை மட்டும் படிக்கிறவருக்கு அங்கே போய்ச்சேர வழியே இல்லை. துப்பு என்று நான் நினைத்ததெல்லாம் ஓரத்தில்தான் இருந்திருக்கிறது, கதைக்குள் இறங்கவே இல்லை. வெள்ளம் வராமல் இருந்திருந்தால் அதைப் பதிப்பகத்துக்கு அனுப்பியிருப்பேன். படிக்கிறவர் கடைசிப் பக்கத்தில் ஏமாற்றப்பட்டிருப்பார். நாலு மாதம் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். இப்போது ஓரத்தில் எதுவும் குறிப்பதில்லை. துப்பு இருந்தால் அது ஒரு பாத்திரத்தின் கையிலோ வாயிலோ இருக்க வேண்டும்.

வேலையை விட்டுவிட்டால் நன்றாக எழுதலாமே என்று தோழிகள் கேட்பார்கள். கடையை விட்டால் எனக்குக் கதையே இல்லை. மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பல அட்டைகளில் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். நாலு மாத்திரை கேட்டால் அந்த ஓரம் கடைசிவரை எங்களிடம் நிற்கும்படி மறுமுனையிலிருந்து வெட்டிக் கொடுப்போம். ஆக, ஒரு வீட்டில் ஓரத்தோடு நாலு மாத்திரைத் துண்டு கிடந்தால், அது அட்டையின் கடைசித் துண்டாக இருக்க வேண்டும், அல்லது முழு அட்டை வாங்கி மற்றது செலவாகியிருக்க வேண்டும். தூக்க மாத்திரை போன்ற, கட்டுப்பாடு அதிகமுள்ள எச்1 பட்டியல் மருந்துகளை விற்றால் எழுதிக்கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு துப்பறிகிறவனுக்கு இதைவிட நல்ல நோட்டு எது? அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது தன் ஊரான டார்க்கியில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர், 1917இல் அதற்கான தேர்வும் எழுதித் தேறியவர். அவர் கதைகளில் விஷம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்வது அங்கே கற்றதனால்தான். நம் சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டேதான் துப்பறியும் வக்கீல்களான கணேஷையும் வசந்தையும் வாராவாரம் நமக்குக் கொடுத்தார். வேலையும் எழுத்தும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்கிற நண்பர் இவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூடுதலாக இழுத்துப்போட்டுக்கொள்ளும் வேலைகள்தான் நிஜமாகவே நூலை அறுக்கின்றன. என் வீட்டுக்காரர் ஊர் உடன்குடிப் பக்கம். சீசனில் கருப்பட்டி வரவழைத்து வெளியூருக்குப் பார்சல் அனுப்புவோம், ஓலைப்பெட்டி கட்டுவது என் பொறுப்பு. அதோடு பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம்வரை தாமிரபரணிப் படித்துறைகளின் பெயர்களையும் அதன் கதைகளையும் மகளோடு சேர்ந்து எழுதிவைக்க ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுப்பதையும் ஒப்புக்கொண்டேன். மூன்றும் நல்ல வேலை, மூன்றிலும் எனக்கு ஆசை. ஆனால் அந்த வருடம் நாவல் ஏழு மாதம் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால், டாக்டர் வீட்டு ஜன்னலை நான் எதற்காகத் திறந்துவைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் ஜன்னலை மூடிவிட்டுத்தான் கதையை நகர்த்த முடிந்தது. நல்ல ஜன்னல் அது, இன்றும் வருத்தம்தான்.

படித்துறைகளை நிறுத்தினேன். குறுக்குத்துறை, கருப்பந்துறை, மணிமூர்த்தீஸ்வரம் வரைக்கும் எழுதியது அப்படியே இருக்கிறது, நாவல் முடிந்ததும் எடுப்பேன். கருப்பட்டி வயிற்றுப்பாடு, நிறுத்த முடியாது. வாசித்துக் கொடுப்பதை மட்டும் மனசார விடவில்லை. அதற்குக் காரணம் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன். பாடத்தோடு சேர்த்து என் இரண்டாவது நாவலையும் பதிவுசெய்து தரச் சொன்னான். மூன்று வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டு, செல்போனில் பேசிப் பதிந்து கொடுத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "கதை நல்லா இருக்குக்கா. ஆனா உங்க கதையில யாருக்குமே காது கேக்கல" என்றான். என்னப்பா சொல்கிறாய் என்றேன். "எல்லாரும் பாக்காங்க, பாக்காங்க, பாத்துக்கிட்டே இருக்காங்க. செத்துப்போனவரு வீட்டுக்கு வந்தவரு செருப்பக் கழட்டுன சத்தம் ஒருத்தருக்குக்கூட கேக்கலயா?" என்றான்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னபிறகு கடையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். இன்சுலின் எடுக்க ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம், ஷட்டர் பாதி இறங்கும் சத்தம், கால் இழுத்து நடக்கும் ஒரு பெரியவர் படியேறுவது. இத்தனை வருடம் இதெல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நாலாவது நாவலில் குற்றவாளி மாட்டுவது சத்தத்தில்தான். அந்தப் பையனுக்கு ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்தவுடன் பதிவுசெய்து அனுப்புகிறேன். வாரம் தவறினால் கேட்டுவிடுவான், அதனாலேயே ஏழு மாத இடைவெளி இந்த முறை வரவில்லை.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு மர்மத் தொடர்கதைக்கு இடம் கொடுங்கள். அரைப் பக்கம் போதும், பதினைந்து வாரம் போதும். வீட்டுப் பாட்டையும் வேலையையும் பார்த்துக்கொண்டு எழுதுகிறவர்கள் நம் நெல்லைச் சீமையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு மின்வாரிய ஊழியர், பீடி சுற்றிக்கொண்டே கதை சொல்லும் ஒரு அக்கா என்று எனக்கே மூன்று பேரைத் தெரியும். மூன்று பேரின் நாவலும் பாதியில் நிற்கிறது. முழு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பதிப்பகத்தின் பதிலுக்கு ஒன்றரை வருடம் காத்திருக்கும்போது எழுதுகிற கை விட்டுப்போகிறது. அடுத்த ஞாயிறுக்குள் அத்தியாயம் போக வேண்டும் என்றால், காய்ச்சலோடும் எழுதிவிடுவோம். ஒரு பதிப்பாளர் என்னிடம், மர்ம நாவலை பஸ் ஸ்டாண்டில் வாங்கி பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கு எதற்கம்மா இவ்வளவு பாடு என்றார். சீட்டில் கிடக்கும் புத்தகத்தை அடுத்து ஏறுகிறவர் எடுத்துப் படிப்பார். அவருக்காகவும்தான் நான் நிலாவைச் சரிபார்க்கிறேன்.

முதல் இரண்டு அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிடித்தால் போடுங்கள். பிடிக்காவிட்டால் வேறு யாருடையதையாவது போடுங்கள், ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் அத்தைதான் முதலில் படிப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் நாளிதழில் தினமும் அணைகளின் நீர்மட்டம் போடுகிறீர்கள் அல்லவா, பாபநாசம் உச்ச அளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இன்றைய இருப்பு இவ்வளவு, திறப்பு இவ்வளவு என்று. அதை நான் தினமும் வெட்டிக் காலண்டர் தாளோடு சேர்த்துக் குத்திவைக்கிறேன். ராத்திரி ஆற்றைக் காலாலேயே கடந்து வந்ததாக என் கதையில் ஒருவர் சொல்கிறார். கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்ட சமயம் அது. இதற்கு மேல் சொன்னால் கதை போய்விடும். போன புதன்கிழமை விளம்பரம் அதிகம் வந்ததாலோ என்னவோ அந்தப் பகுதி விடுபட்டிருந்தது. என் ஒன்பதாம் அத்தியாயம் அந்தப் புதன்கிழமை ராத்திரியில் நடக்கிறது. அன்றைய பாபநாசம் நீர்திறப்பு எத்தனை கன அடி என்று உங்கள் அலுவலகத்தில் இருந்தால் தயவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி.